பின் சக்கரங்கள்

மாஸ்டரம்மா கட்டைவிரல் நகத்தை டயரில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கடைக்காரர் அவளுடைய மாப்பிள்ளையிடம் கேட்டார்: "சாருக்கு என்ன மாதிரி பார்க்கலாம்?"

வண்டி சாருடையது இல்லை என்று கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை. ஓட்டிக்கொண்டு வந்தது மாப்பிள்ளை. சாவி இருந்தது மகளின் கைப்பையில். மாஸ்டரம்மா இறங்கியதோ பின்சீட்டிலிருந்து. அந்த வண்டிக்கு இரண்டே கதவுதான். முன்சீட்டை மடக்கி, ஒரு காலை வெளியே ஊன்றி, இன்னொரு காலைக் கையால் தூக்கி எடுத்து வைத்து, தலையில் இடித்துக்கொள்ளாமல் வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்படி இறங்கி வருகிற ஐம்பத்தொன்பது வயசு அம்மாளைப் பார்த்து, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் இந்தக் கருநீலப் பந்தய வண்டி அவளுடையது என்று யாருக்குத் தோன்றும்? தன் வண்டியின் பின்சீட் இத்தனை இடுக்கமானது என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வாங்கி மூன்று வருடத்தில் அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

"வண்டியை விக்கப்போறோம்," என்றார் மாப்பிள்ளை. "வாங்க வர்றவங்க முதல்ல டயரைத்தான் பார்ப்பாங்க. அதனால நாலும் புதுசா இருக்கணும். மூணு விஷயம். ஒண்ணு, சைஸ் சரியா இருக்கணும். ரெண்டு, பார்க்க நல்லா இருக்கணும். மூணு, ரொம்ப போகக்கூடாது."

எதைப் பேசினாலும் மாப்பிள்ளைக்கு மூன்று விஷயம் வேண்டும். ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம், கையுறை, தீயணைப்பான் என்று நாள் முழுக்கப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய வாய். கெட்ட மனிதர் இல்லை. மகள் காய்ச்சலில் படுத்தால் ராத்திரி பகல் பார்க்காமல் ஈரத்துணி போடுகிறவர். ஆனால் தனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்று உண்டு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, மாஸ்டரம்மா உட்பட. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மாப்பிள்ளை சொன்ன எதற்கும் அவள் மறுபேச்சு பேசியதில்லை. தையல்கூடத்தில் பதினொரு பெண்கள் அவள் இருமினால் தையல் மெஷினை நிறுத்துவார்கள். அந்த மாஸ்டரம்மாதான் மாப்பிள்ளை வந்து நின்றால் "ஆமாங்க மாப்பிள்ளை, சரிங்க மாப்பிள்ளை" என்று தலையாட்டிக்கொண்டு நிற்பாள். மகள் வாழப்போன இடம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் எல்லோருக்கும் நல்லது என்பது அவள் கணக்கு.

கட்டிங் மாஸ்டர் என்றால் அந்தத் தொழிலில் ஆம்பளைதான். கூடத்தில் இருந்த மாஸ்டர் ஒருநாள் முன்பணத்தோடு கம்பி நீட்டிவிட்டதும், மறுநாள் காலையில் பெரிய கத்தரியை இவள் கையில் எடுத்தாள். எடுத்தது எடுத்ததுதான். நாடகக் குழுக்களுக்கான உடுப்பும் கல்யாண உடுப்பும் தைக்கிற இடம். வெல்வெட்டு அங்கே மூட்டை மூட்டையாக வரும். அவள் துணியைப் பார்த்துக்கொண்டே வலது உள்ளங்கையை விரித்து நீட்டுவாள். பக்கத்தில் இருக்கிறவர் கத்தரியின் பிடி அவள் கையில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். ஒரு வார்த்தை கிடையாது. மகள் ஐந்து வயதிலிருந்து வெட்டுமேசைக்கு அடியில் உட்கார்ந்து பள்ளிப்பாடம் எழுதியவள். அந்தக் கை நீண்டால் கத்தரி எடுத்துக் கொடுத்தவள். இப்போது பல் மருத்துவர். அம்மாவிடம் பேசும்போதுகூட நோயாளியிடம் வாயைத் திறக்கச் சொல்கிற அதே தோரணை வந்துவிட்டது.

கணவர் இருந்தவரை மாஸ்டரம்மாவுக்கு வாய்த்தது ஸ்கூட்டரின் பின்சீட். இருபத்திரண்டு வருடம், இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப் போட்டுக்கொண்டு, பாதி ஊரைத்தான் பார்த்தாள். மற்ற பாதி முதுகுக்குப் பின்னால் போயிற்று. அவர் போன பிறகு நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றாள். முதலில் ஒரு டப்பா வண்டி. பிறகு, உடுப்பு தைக்க வந்த ஒரு வாடிக்கையாளர் வேறு நாட்டுக்குக் குடிபோகும்போது, வாசலில் நின்ற இந்த வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று சும்மாதான் கேட்டாள். முதல் வளைவிலேயே முடிவாகிவிட்டது. இந்த வயதில் இது எதற்கு என்று உறவெல்லாம் சிரித்தது. சிரிக்கட்டும். அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

நாற்பது நாளுக்கு முன்னால் ஒரு மழைச் சாயங்காலம், பூங்காச் சுவரை ஒட்டிய வளைவில் வண்டி சறுக்கியது. முன்பக்கம் அவள் திருப்பிய பக்கம்தான் போயிற்று. பின்பக்கம் மட்டும் தன் இஷ்டத்துக்குக் கழன்று, அரைவட்டம் அடித்து, நடைபாதைக் கல்லில் மோதி நின்றது. ஒரு கல் உடைந்தது. ரிம்மில் ஒரு கீறல். வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே மகள் வந்து சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "எவ்ளோ ஸ்பீடு அத்தை?" என்று மாப்பிள்ளை கேட்டார். அவள் நாற்பதில்தான் வந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும், "கொஞ்சம் வேகமாத்தான் வந்துட்டேன் மாப்பிள்ளை," என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்குப் பதில், இப்போது ஜாக்கியில் ஏறிக்கொண்டிருந்த அந்தப் பின் சக்கரங்களில் இருந்தது. போன வருடம் அவள் பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை வாங்கிப் போட்ட டயர்கள் அவை. "எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் அத்தை. உங்க பேத்தி கல்யாணத்துக்கும் இதே டயர்லயே போகலாம்," என்று பெருமையாகச் சொன்னார். அப்போதும் நகத்தை அழுத்திப் பார்த்தாள். பலகை. முன்சக்கரத்து டயர் நகத்துக்கு இறங்கிக்கொடுத்தது. இது இம்மி நகரவில்லை. சரியில்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சம்பந்தி வீட்டிலிருந்து வருகிற துணி தண்ணீரில் போட்டால் சாயம் போகும் என்று தெரிந்தே "ரொம்ப நல்லா இருக்கு" என்று வாங்கி வைத்த வாய் அல்லவா அது. "எதுக்கு மாப்பிள்ளை உங்களுக்குச் சிரமம்," என்று மட்டும் சொன்னாள்.

இத்தனையும் இருந்தும், அவளுக்குள் ஒரு முள் இருந்தது. டயர் மட்டும்தானா? சறுக்கிய அந்த நொடியில் தன் கால் எங்கே இருந்தது என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. பயந்துபோய் பிரேக்கை மிதித்தாளா? கை தாமதித்ததா? மகள் சொல்வதுபோல வயசாகித்தான் விட்டதா? இந்த நாற்பது நாளில் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்தரி நடுவழியில் நின்றுவிடும். கூடத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வண்டியை விற்றுவிட்டால் இந்தக் கேள்விக்குச் சாகும்வரை பதில் கிடைக்காது. சரியான டயரைப் போட்டு, அதே வளைவில், தானே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். தன் கால்தான் தப்பு என்று தெரிந்தால் அவளே சாவியைக் கொடுத்துவிடுவாள். அதனால்தான், விற்பதற்கு முன் டயர் மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்ததும், "டயரை நான்தான் பார்த்து எடுப்பேன்" என்று பிடிவாதம் பிடித்தாள். போகிற வண்டிதானே, அம்மா ஆசைப்படட்டும் என்று மகளும் விட்டுவிட்டாள்.

கடைக்காரர் மூன்று டயர்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தார். "இது சத்தமே வராது சார். நீண்ட நாள் உழைக்கும். இது பந்தயத்துக்குப் போறவங்க கேக்குறது, ரோட்டை அப்படியே கவ்விப் பிடிக்கும். இது நடுவுல, மழைக்கும் வெயிலுக்கும்."

"முதல் டயரே போதும்," என்றார் மாப்பிள்ளை.

மாஸ்டரம்மா கைப்பையிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். உடுப்பின் அளவு வரைகிற காகிதம். அதில் நாற்பது நாளாகச் சாக் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தது எல்லாம் இருந்தது. முன்சக்கர அளவு, பின்சக்கர அளவு, இந்த வண்டியில் பின் டயர் முன் டயரைவிட அகலம், தள்ளுவது பின்சக்கரம்தான் என்பதெல்லாம்.

"மழையில பிரேக் அடிச்சா இதுல எது சீக்கிரம் நிக்கும்?" என்று கேட்டாள்.

கடைக்காரர் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினார். ஆனாலும் பதிலை மாப்பிள்ளையிடம்தான் சொன்னார். "நடுவுல இருக்குறதுதான் சார். தண்ணியை வெளியே தள்ளும். ஆனா அது சீக்கிரம் தேயும்."

"கேட்டது நான்," என்றாள் மாஸ்டரம்மா. "என்கிட்ட சொல்லுங்க."

"அம்மா," என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மாஸ்டரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து மூன்று டயர்களிலும் உள்ளங்கையை வைத்துத் துணியைத் தடவுகிற மாதிரி தடவினாள். முதல் டயர் பலகையின் தம்பி. பந்தய டயர் நகத்துக்கு வெண்ணெய்தான். ஆனால் பள்ளங்களே இல்லை, மழைத்தண்ணீர் எங்கே போகும்? நடுவில் இருந்ததில் அம்புமுனை அம்புமுனையாக வரிசை கட்டிப் பள்ளங்கள் வெட்டியிருந்தன. நகம் பதிந்தது, எடுத்ததும் தழும்பு மெல்ல மறைந்தது. பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் எண்ணாகப் பதித்திருப்பதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தாள். போன மாதத்துச் சரக்கு.

அந்த நேரம் பார்த்து, வண்டிக்கு அடியிலிருந்து டயர் மாட்டுகிறவர் குரல் கொடுத்தார். நரைத்த மீசையும் தோளில் கறுத்த துண்டுமாக இருந்த மனிதர். கழற்றிய பின் டயரைத் தரையில் உருட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார். "பின்னாடி இதை யாரு போட்டது? முன்னாடி அருமையான டயரு, பின்னாடி கட்டை. வாடகை வண்டிக்குப் போடுறது இது. மழையில முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வண்டி சுத்திரும். சுத்தலையா?"

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்தார். "அது... வேற கடையில போட்டது. அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான் போல," என்றார்.

இந்த இடத்தில் மாஸ்டரம்மா சொல்ல வேண்டியது என்ன என்று அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். "ஆமாங்க, அந்தக் கடைக்காரன் சரியில்ல," என்று ஒரு வார்த்தை. மாப்பிள்ளையின் முகம் காப்பாற்றப்படும், கடையிலிருந்து எல்லோரும் சுமுகமாக வீட்டுக்குப் போகலாம். அந்த வார்த்தை அவள் நுனிநாக்கு வரை வந்தது. ஒன்பது வருடமாகத் தேய்ந்த பாதை. தானாக உருண்டு வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"கடைக்காரர் மேல எதுக்குப் பழி?" என்றாள். "வாங்கினது மாப்பிள்ளை. வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டது நான்."

காற்று அடிக்கிற இயந்திரம் எங்கோ ஒரு மூலையில் சீறிவிட்டு நின்றது. கடைக்காரருக்கு அவசரமாக ஒரு ரசீதுப் புத்தகத்தைத் தேட வேண்டியிருந்தது.

"அன்னிக்கு நான் நாப்பதுலதான் வந்தேன்," என்றாள் மாஸ்டரம்மா. பிறகு இன்னும் சத்தமாகச் சொன்னாள். "நாப்பது. ஒரு கோடுகூட அதிகம் இல்ல."

"அப்போ வேகமா வந்தேன்னு ஏம்மா சொன்ன?" மகளுக்குக் கண் சிவந்துவிட்டது. "அதை நம்பித்தானே நான் சாவியை எடுத்தேன்?"

"மாப்பிள்ளை வருத்தப்படுவாருன்னு சொன்னேன்."

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. சுவரில் 'இங்கே புகைபிடிக்காதீர்' என்று ஒரு பலகை இருந்தது. அதில் இருந்த இரண்டே சொல்லை அவர் வெகுநேரம் படித்தார். பிறகு தண்ணீர் கேன் இருந்த இடத்துக்குப் போய் ஒரு டம்ளர் பிடித்து, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"நாப்பதா அத்தை?"

"நாப்பதுதான்."

"தினமும் நூறு பேர்கிட்ட சொல்றேன், விபத்து நடந்தா மறைக்காதீங்க, உள்ளதை உள்ளபடி எழுதுங்கன்னு. என்கிட்டயே மறைச்சிருக்கீங்க."

"உள்ளதைச் சொல்லலாங்கிற இடத்துலயா நாங்க உங்களை வெச்சிருந்தோம்?" என்றாள் மாஸ்டரம்மா. "என் தப்பும்தான். இனிமே சொல்றேன். இப்பவே சொல்றேன், அந்த முதல் டயர் வேண்டாம். அதுவும் கட்டைதான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரு விஷயம்கூட வரவில்லை. தண்ணீரைக் குடித்தார்.

"நடுவுல இருக்குறது நாலு போடுங்க," என்றாள் கடைக்காரரிடம். "பின்னாடிக்கு அகலம். அளவு இந்தக் காகிதத்துல இருக்கு. பணம் நான் குடுக்குறேன்."

"சீக்கிரம் தேயும்மா," என்றார் கடைக்காரர். இந்தத் தடவை அவளிடமே சொன்னார்.

"தேயட்டும். தேயத்தானே டயரு."

டயர்கள் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மகள் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் அம்மா மேலா, புருஷன் மேலா, தன் மேலேயேவா என்று அவளுக்கே பிடிபடவில்லை போலிருந்தது. மாஸ்டரம்மா உட்காரவில்லை. வெட்டுமேசையைச் சுற்றிவருகிற மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடையில் கூட்டம் சேர்ந்தது. டயர் மாட்டுகிறவர் நடுநடுவே வேறு வண்டிக்கும் ஓடி ஓடிப் போய்வந்தார். கடைசியில் வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கியது. "முடிஞ்சுதும்மா," என்று துண்டில் கையைத் துடைத்தார்.

மாஸ்டரம்மா வண்டிக்குப் பின்னால் நான்கு அடி தள்ளி நின்று, தைத்து முடித்த உடுப்பைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இடது சக்கரத்தில் அம்புமுனைகள் மேலே பார்த்தன. வலது சக்கரத்தில் தரையைப் பார்த்தன.

"வலது பக்கம் தலைகீழா இருக்கு," என்றாள்.

"அப்படித்தாம்மா தெரியும்," என்றார் கடைக்காரர். "ரெண்டு பக்கமும் ஒரே டயர்தானே. ஒண்ணும் ஆகாது."

"ஒரே டயர்தான். அதனாலதான் சொல்றேன்."

"அம்மா, அவங்களுக்குத் தெரியாததா?" என்று மகள் எழுந்து வந்தாள். மாப்பிள்ளையும் வந்து நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பார். இன்றைக்கு அவர் குனிந்து இரண்டு சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீசைக்காரரைப் பார்த்தார்.

மீசைக்காரர் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். டயரின் பக்கவாட்டைத் துண்டால் துடைத்து, சுழலும் திசை காட்டும் சின்ன அம்புக்குறியைத் தேடினார். கண்டுபிடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அம்மா சொல்றது சரி. திருப்பி மாட்டிட்டேன். இப்படியே போனா தண்ணியை வெளியே தள்ளாது, உள்ளே இழுத்துப் போட்டுக்கும்." எழுந்து நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டு இடது கை வெட்டிட்டீங்க," என்றாள் மாஸ்டரம்மா. அவருக்குப் புரியவில்லை. "நான் துணி வெட்டுறவ. வெல்வெட்டுல முடி ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். சட்டைக்குக் கை வெட்டும்போது ஒண்ணை வெட்டி, அதே மாதிரி இன்னொண்ணையும் வெட்டினா, ரெண்டும் இடது கையா வந்துரும். வலது பக்கம் வெச்சுத் தெச்சா முடி ஏறுமாறா நிக்கும். துணியைப் புரட்டிப்போட்டு வெட்டணும். இந்தத் தப்பைப் பண்ணாத கட்டிங் மாஸ்டரே கிடையாது. நான் ஒரு ராணி உடுப்புக்குப் பண்ணியிருக்கேன்."

"ராணி என்ன பண்ணாங்க?"

"நாடகம் முடியுற வரைக்கும் வலது கையைத் தூக்கவே இல்ல."

மீசைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவு நேரம் உம்மென்று இருந்த மகளின் உதடும் ஒரு ஓரத்தில் கோணியது, உடனே அடக்கிக்கொண்டாள். அவர் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, புரட்டி, மறுபடி மாட்டினார். இந்தத் தடவை தானே பின்னால் நான்கு அடி நடந்துபோய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேம்மா. புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்கும். அது போக இருநூறு கிலோமீட்டர் ஓடணும். அதுவரைக்கும் நிதானமா ஓட்டுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

'ஓட்டுங்க' என்று அவளிடம்தான் சொன்னார். அவர் சொன்னதில் எந்த விசேஷமும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. முதலில் பெரிய பெரிய சொட்டாக, பிறகு சரம்சரமாக. மூன்று பேரும் கடையின் தகரக்கூரைக்கு அடியில் நின்றார்கள். மகள் வழக்கம்போல வண்டியின் இடது பக்கம், மாப்பிள்ளை வலது பக்கம் என்று நகரத் தொடங்கினார்கள்.

"நான் ஓட்டுறேன்," என்றாள் மாஸ்டரம்மா.

"மழை பெய்யுதும்மா."

"பெய்யட்டும். எனக்கு மழைதான் வேணும்."

"விளையாடாத. இன்னொரு நாள் பார்த்துக்கலாம். அந்தப் பக்கம்தான் போகணும், அதே வளைவு..."

"அதே வளைவுதான். நீயும் பக்கத்துல உக்காரு. என் கால் தப்புன்னா நீயே பார்ப்ப. பார்த்துட்டின்னா நாளைக்கே விக்கலாம், ஒரு வார்த்தை பேச மாட்டேன். என் கால்ல தப்பு இல்லன்னா இந்த வண்டியை இனிமே யாரும் வாயாலகூட விக்கக் கூடாது."

"குடுத்துடு," என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"நீங்க சொல்லிக் குடுக்க வேண்டாம் மாப்பிள்ளை," என்றாள் மாஸ்டரம்மா. கடுமையாக இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. "அவளுக்கா தோணட்டும்."

பிறகு அவள் மகளைப் பார்க்கக்கூட இல்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டே வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

மகள் கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். கொடுக்கக் கூடாது என்றுதான் அவள் முகம் சொன்னது. ஆனால் வெட்டுமேசைக்கு அடியில் வளர்ந்த கைக்கு முகத்தின் பேச்சு எட்டவில்லை. அது பையைத் திறந்து, துழாவி, சாவியை எடுத்து, உருண்டையான பக்கம் அம்மாவின் உள்ளங்கையில் படும்படி திருப்பி வைத்தது. வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று மகள் பார்த்தாள். அதற்குள் விரல்கள் மூடிவிட்டன.

பின்சீட்டில் மாப்பிள்ளை. ஆள் உயரம், நேராக உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடித்தது. அப்படித் திரும்பி இப்படித் திரும்பி, கடைசியில் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து, மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டார். கண்ணாடியில் அவரைப் பார்த்து, "சௌகரியமா இருக்கா மாப்பிள்ளை?" என்று மாஸ்டரம்மா கேட்டாள். "இருக்கு அத்தை," என்றார். பொய்தான். ஒரு பொய்யை அவரும் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாற்பது நாளுக்குப் பிறகு இன்ஜின் அவள் காலடியில் உறுமியது, சந்தோஷமாக இருந்தது. பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. கடைத்தெருவைக் கடந்தாள். பள்ளிக்கூடத்தைக் கடந்தாள். பூங்காச் சுவர் தெரிந்ததும் மகள் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். உடைந்த நடைபாதைக் கல்லுக்குப் பதில் புதுக்கல் வைத்திருந்தார்கள். மற்ற கற்களுக்கு நடுவில் அது மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வேகமுள் முப்பத்தெட்டில் நின்றது. புது டயருக்கு அது போதும். அவள் தன் காலைக் கவனித்தாள். அது பிரேக்குக்குத் தாவவில்லை. பயந்து ஒதுங்கவும் இல்லை. எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, லேசாக அழுத்திக்கொண்டு இருந்தது. ஸ்டியரிங்கை வளைத்தாள். முன்பக்கம் திரும்பியது, பின்பக்கம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கூடவே வந்தது. வெளுத்த கல் ஜன்னலில் வந்து, நகர்ந்து, கண்ணாடிக்குப் போய்ச் சின்னதாகிவிட்டது.

மாஸ்டரம்மாவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. துடைக்கக் கையெடுக்கவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. தன் கால் தன் கால்தான். இந்த நாற்பது நாளாக அதைச் சந்தேகப்பட்டதற்காக அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"அம்மா," என்றாள் மகள், சற்று நேரம் கழித்து. குரலில் பல் மருத்துவர் இல்லை. "உன் காலையேதான் பார்த்துட்டு வந்தேன்."

"பார்த்தியா?"

"பார்த்தேன்." பிறகு, "நம்ம தெரு வருது. இடது பக்கம்," என்றாள்.

தெருமுனை வந்தது. மூலையில் மருந்துக்கடை, அதன் பச்சை விளக்கு, குடையோடு நிற்கும் இரண்டு பேர். மாஸ்டரம்மா கை காட்டும் விளக்கைப் போடவில்லை.

"அம்மா, தெரு போயிருச்சு."

"கடையில என்ன சொன்னாரு? இருநூறு கிலோமீட்டர் ஓடணும்னாரு. இப்பத்தான் ஆறு ஆயிருக்கு."

"அத்தை," என்றது பின்சீட். "மீதி நூத்தித் தொண்ணூத்தி நாலு இருக்கு."

"பிடியை நல்லாப் பிடிச்சுக்குங்க மாப்பிள்ளை," என்றாள்.

ஊர் முடிகிற இடத்தில் தெருவிளக்குகள் நின்றுபோயின. அதற்கு அப்பால் மழையில் நனைந்த நெடுஞ்சாலை, சாயங்கால வெளிச்சத்தில், விரித்துப் போட்ட கருப்பு வெல்வெட்டாக நீண்டு கிடந்தது. துடைப்பான் கண்ணாடியை வழித்தது. பின்னால், இரண்டு அகலமான சக்கரங்கள் தண்ணீரை இருபுறமும் ஒதுக்கி விட்டுப்போன தடம் கொஞ்ச நேரம் வறண்டு தெரிந்தது. மழை மெல்ல மெல்ல அதை மூடிக்கொண்டு வந்தது.